மூக்குப்பேணியும் நீத்துப்பெட்டியும்: யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

ஆடி விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்களா? கடைக்குப் போகும் முன் உறவுக்காரர் வீட்டுக் குசினிக்குள் ஒருமுறை போய் நில்லுங்கள். எந்த ஏனம் எதற்கு என்று அங்கேதான் தெரியும்.

போன முறை பெரியம்மா பரணில் இருந்த மூக்குப்பேணியை, அதாவது மூக்கு வைத்த பித்தளைக் குவளையை, எனக்காக இறக்கினார். பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, கறுத்துப் போயிருந்த பித்தளை மஞ்சளாகத் துலங்கியது. மூக்குக்குள் ஒரு ஈர்க்கை விட்டு அழுக்கெடுத்தார். அப்புறம் தேத்தண்ணியை ஊற்றி, சேலைத் தலைப்பால் பிடித்து நீட்டினார். அண்ணாந்து, மூக்கு உதட்டில் படாமல் ஒரு விரல் தள்ளிப் பிடிக்கவேண்டும். நூல் போல விழுவதை நிறுத்தாமல் விழுங்க வேண்டும். என் மகள் இரண்டு தரம் சட்டையில் ஊற்றினாள். மூன்றாம் தரம் சரியாக வந்தது. பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் முதலில் தண்ணீரில் பழக்குங்கள். பித்தளையில் சூடு சட்டென்று ஏறும்.

எச்சில் படாமல் ஒரே பேணியில் பலர் குடிக்கலாம் என்பதுதான் இந்த மூக்கின் உபயோகம். ஆனால் வீட்டாருக்குப் பேணி கொடுத்த அதே காலத்தில், ஒடுக்கப்பட்ட சாதியினருக்குச் சிரட்டையில் (தேங்காய் ஓட்டில்) ஊற்றிக் கொடுத்தார்கள். தேநீர்க்கடைகளிலும் பாகுபாடு இருந்தது. 1957இல் இதற்கு எதிராகச் சட்டம் வந்த பிறகும் 1960களில் போராடித்தான் கடைக்குள் சமமாக இருக்க முடிந்தது. பேணியைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது இதையும் சொல்லுங்கள். நம் விருந்தோம்பலைப் பற்றிப் பெருமை பேசும் எல்லோரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

புதுப் பேணி வாங்கினால் கடையிலேயே தண்ணீர் நிரப்பி, மூக்குப் பொருந்திய இடத்தில் கசிகிறதா என்று பாருங்கள். தயிர், தேசிக்காய்த் (எலுமிச்சைத்) தண்ணி, புளிப்பான எதையும் பித்தளையில் விட்டு வைக்க வேண்டாம், களிம்பேறிவிடும்.

நான் ஒவ்வொரு முறையும் தேடி வாங்குவது பனையோலைச் சாமான். யாழ் நகரச் சந்தையிலும் யாழ்ப்பாணத்திலேயே உள்ள திருநெல்வேலிச் சந்தையிலும் கிடைக்கும். 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையங்களிலும் வாங்கலாம். சுளகு, கடகம், பனங்கட்டிக் (பனைவெல்லக்) குட்டான் எல்லாம் அழகுதான், ஆனால் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் புட்டு அவிக்கும் கூம்புப் பெட்டியான நீத்துப்பெட்டியை வாங்குங்கள். கூம்பு கீழே இருக்கும்படி பானை வாயில் வைத்து, புட்டு மாவைப் போட்டு மூடினால், ஆவியோடு ஓலை வாசமும் மாவில் ஏறும். குழல் புட்டில் அந்த வாசம் வராது. சாயம் போட்ட பெட்டியை மட்டும் சமையலுக்கு எடுக்காதீர்கள். சிவப்புக் கோடு போட்ட ஒன்றை ஆசையாக வாங்கி வந்தேன். முதல் அவியலிலேயே புட்டின் ஓரம் சிவந்துவிட்டது. அவித்து முடித்ததும் கழுவி வெயிலில் காயவையுங்கள். வெயில் இல்லாத ஊர் என்றால் ஹீட்டர் பக்கத்தில் ஒரு இரவு வைத்தால் போதும், பூஞ்சணம் பிடிக்காது. ஓலையை வார்ந்து, ஒரு பெட்டி இழைத்து முடிக்க எவ்வளவு நேரம் என்று இழைக்கிறவரிடமே கேளுங்கள். கேட்ட பிறகு விலை குறைக்கச் சொல்ல உங்களுக்கு மனம் வராது.

ஆடிப்பிறப்பு ஜூலை நடுப்பகுதியில் வரும். அன்றைக்கு இனிப்பான ஆடிக்கூழும் கொழுக்கட்டையும் இருக்கும். ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) கூழ் வேறு: மீன், நண்டு, இறால், பயத்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு, ஒடியல் மாவும் பழப்புளியும் கரைத்துவிட்டுக் காய்ச்சுவது. அதைப் பிளாவில் குடிக்கக் கிடைத்தால் விடாதீர்கள். பச்சை ஓலையைச் சத்தகத்தால் (சிறு கத்தியால்) வெட்டி, மடித்து, நுனியைக் கட்டினால் பிளா. குடித்ததும் எறிந்துவிடலாம். கூழின் உறைப்போடு பச்சை ஓலையின் மணமும் மூக்கில் ஏறும். அதைப் பார்சல் கட்டிக் கொண்டுவர முடியாது.

வீடுகளுக்குப் போகும்போது ஒரு நாளைக்கு இரண்டு வீடு போதும். ஐந்து வீடு என்று ஓடினால் எந்த வீட்டிலும் ஆறுதலாக இருந்து குடிக்க முடியாது. "என்ன குடிக்கிறியள்?" என்று கேட்டால் "ஒண்டும் வேண்டாம்" என்று சொல்லாதீர்கள், வெறுந்தேத்தண்ணியாவது கேளுங்கள். பனங்கட்டி தந்தால் கடித்துக் கடித்துக் குடிக்கவேண்டும், கலக்கக் கரண்டி தேடவேண்டாம். சோறு போதுமென்றால் கையைக் கோப்பைக்கு (சாப்பாட்டுத் தட்டுக்கு) மேலே பிடித்து "காணும்" என்று சொல்லுங்கள். ஒரு தரம் சொன்னால் விடமாட்டார்கள், அது அன்பு. புறப்படும்போது "போறன்" இல்லை, "போயிட்டு வாறன்".

பரணில் இருக்கும் பழைய பேணியை நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகத் தந்தால், மிகப் பழைய சாமான் என்றால் தொல்பொருளியல் திணைக்களத்தில் முதலில் விசாரியுங்கள். பழம்பொருட்களை அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ஆஸ்திரேலியா போகிறவர்கள் ஓலை, மரம், சிரட்டைச் சாமான்களை வருகைப் படிவத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டும். மண் ஒட்டாமல், பூச்சி இல்லாமல், நன்றாகக் காய்ந்து இருக்கட்டும். பேணிக்குள் துணி அடைத்து, மூக்கைச் சுற்றித் துவாய் கட்டி, நீத்துப்பெட்டிக்குள் இறக்கிவிடுங்கள். இரண்டும் நசுங்காமல் வந்து சேரும்.