மேல் எடைப்பிரிவுக்கு ஏறுவதா: சாம்பியன் முடிவெடுக்கும் முறை

பட்டத்தைக் கையில் வைத்திருக்கும் குத்துச்சண்டை வீரர் மேல் எடைப்பிரிவுக்கு ஏறுவதா என்று யோசிக்கும்போது, எடை பார்க்கும் நாளுக்கு முந்தைய வாரத்தைத்தான் முதலில் ஆராய வேண்டும். உடலின் நீரை வற்றவைத்தால்தான் வரம்புக்குள் வர முடிகிறது, கடைசிச் சுற்றுகளில் கால்கள் தளர்கின்றன என்றால் தயங்காமல் ஏறலாம். பணம் மட்டுமே காரணமென்றால் பொறுத்திருப்பது நல்லது.

அடுத்து, உயரத்தையும் கை நீளத்தையும் புதிய பிரிவின் முன்னணி வீரர்களோடு ஒப்பிட வேண்டும். எடையைக் கூட்டலாம், எலும்பை நீட்ட முடியாது. 168 பவுண்டுப் பிரிவில் நான்கு முக்கிய உலக அமைப்புகளின் பட்டங்களையும் வைத்திருந்த கனெலோ அல்வாரெஸ், 2022இல் 175 பவுண்டுக்கு ஏறி, தம்மைவிட உயரமான டிமிட்ரி பிவோலிடம் புள்ளிகளில் தோற்றார். 1998இல் 112 பவுண்டில் உலகப் பட்டம் வென்ற மேனி பாக்கியாவோ 2010இல் 154 பவுண்டுப் பட்டத்தையும் வென்றதற்கு, குறையாத வேகமே காரணம் என்பது என் கணிப்பு.

எடையை அவசரமின்றி, பயிற்சியோடு சேர்த்தே கூட்ட வேண்டும். திரும்பி இறங்குவது இன்னும் கடினம்: 2003இல் ஹெவிவெயிட் (மிக உயர்ந்த எடைப்பிரிவு) பட்டம் வென்றபின் 175 பவுண்டுக்கு இறங்கிய ராய் ஜோன்ஸ், 2004இல் அன்டோனியோ டார்வரிடம் இரண்டாம் சுற்றிலேயே வீழ்ந்தார்.