குறைந்த விலை கேம் கன்சோலுக்கு எவ்வளவு ஸ்டோரேஜ் தேவை? கணக்கிடும் முறை

கன்சோல் வாங்கச் செல்பவர்கள் பெரும்பாலும் விலையைப் பார்க்கிறார்கள், படத்தின் தரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். ஸ்டோரேஜ் பற்றிய கேள்வி, மூன்றாவது கேமை இறக்கும்போது "இடம் போதவில்லை" என்ற அறிவிப்பு டிவியில் தோன்றிய பிறகுதான் எழுகிறது. அந்தக் கேள்வியை வாங்குவதற்கு முன்பே கேட்டு விடை காண்பது எப்படி என்பதை, 2020 நவம்பரில் வெளிவந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கன்சோலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன். இதில் டிஸ்க் போடும் வசதி கிடையாது; எல்லா கேம்களையும் இணையத்திலிருந்தே இறக்க வேண்டும் என்பதால், ஸ்டோரேஜ் சிக்கல் இதில்தான் மிகத் தெளிவாகத் தெரியும். டிஸ்க் போடும் கன்சோல்களிலும் பெரிய வேறுபாடு இல்லை. இன்றைய பெரிய கன்சோல்கள் டிஸ்க்கில் உள்ளதை உள்ளே பதிந்துகொண்டுதான் கேமை ஓட்டுகின்றன.

படி 1: உண்மையில் கிடைக்கும் இடத்தை அறிதல்

பெட்டியின் மேல் 512 ஜிபி என்று அச்சிட்டிருக்கும். ஆனால் கேம்களுக்குக் கிடைப்பது சுமார் 364 ஜிபி மட்டுமே. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்குகளாகவும், கன்சோல் 1024-இன் மடங்குகளாகவும் எண்ணுவதால், 512 என்பது திரையில் ஏறத்தாழ 476 ஆகச் சுருங்குகிறது. அதிலிருந்து 110 ஜிபிக்குச் சற்று அதிகமான இடத்தை இயங்குதளம் தனக்கென ஒதுக்கிக்கொள்கிறது. 2023 செப்டம்பரில் வந்த 1 டிபி (1000 ஜிபி) மாதிரியில் சுமார் 800 ஜிபி கிடைக்கும். ஆகவே எந்தக் கன்சோலாக இருந்தாலும், பெட்டியில் உள்ள எண்ணை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கன்சோல் ஏற்கெனவே கையில் இருந்தால், செட்டிங்ஸ் பகுதியில் சிஸ்டம் என்பதைத் திறந்து, ஸ்டோரேஜ் டிவைசஸ் என்ற பக்கத்தில் சரியான அளவைப் பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: ஒரே காலத்தில் ஆடும் கேம்களை மட்டும் பட்டியலிடுதல்

தொடக்கநிலையில் உள்ளவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். வாங்கிய கேம்கள், சந்தாவில் கிடைப்பவை, என்றாவது ஆடலாம் என்று நினைப்பவை என அனைத்தையும் கூட்டினால் எந்த ஸ்டோரேஜும் போதாது. இந்த மாதம் உண்மையிலேயே கை வைக்கப் போகும் கேம்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் இருவரிடமும் கேட்டு எழுதுங்கள். அண்ணனுக்காகத் தம்பியின் கேமை அழிக்கும் சண்டை பிறகு வராது.

அளவுகள் பெரிதும் மாறுபடும். மைன்கிராஃப்ட், ஸ்டார்டியூ வேலி போன்றவை ஓரிரு ஜிபிக்குள் அடங்கிவிடும். ஆண்டுதோறும் வரும் கால்பந்து கேம்கள் 50 ஜிபி அளவில் இருக்கும். ஃபோர்ஸா ஹொரைசன் 5 (கார்ப் பந்தயம்), ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 போன்ற பரந்த உலகக் கேம்கள் ஒவ்வொன்றும் 100 ஜிபியைத் தொடும் அல்லது தாண்டும். கால் ஆஃப் டியூட்டி என்ற துப்பாக்கிச் சண்டைக் கேம் வரிசையில் அப்டேட்கள் சேரச் சேர அளவு இன்னும் ஏறும். ஒரு கால்பந்து கேம், ஒரு பெரிய துப்பாக்கிச் சண்டைக் கேம், ஒரு கார்ப் பந்தயம், நான்கைந்து சிறிய கேம்கள் என்று வைத்துக்கொண்டால் 280 முதல் 320 ஜிபி வரை வரும். அதன் மேல் அப்டேட்களுக்காக 40, 50 ஜிபியைக் காலியாக விட்டால் 364 நிரம்பிவிடுகிறது. அதாவது, மூன்று பெரிய கேம்களோடு நிறுத்திக்கொள்ளும் ஒருவருக்கு 512 ஜிபி மாதிரி போதும். நான்காவது பெரிய கேம் வந்தால் போதாது.

படி 3: இணைய வேகத்தையும் சேர்த்துக் கணக்கிடுதல்

ஆடி முடித்த கேமை அழித்துவிட்டு, வேண்டும்போது மறுபடி இறக்கிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்வார். அது உண்மைதான், ஆனால் 100 ஜிபி கேம் ஒன்றை 30 எம்பிபிஎஸ் (நொடிக்கு 30 மெகாபிட்) இணைப்பில் இறக்க, வேகம் சற்றும் குறையாமல் இருந்தாலும், ஏழரை மணி நேரம் ஆகும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இரண்டேகால் மணி நேரம். எனவே வேகமான, மாத அளவில் இறுக்கமான வரம்பில்லாத இணைப்பு உள்ள வீட்டுக்குச் சிறிய ஸ்டோரேஜே போதும். மெதுவான இணைப்போ, கைபேசி டேட்டாவோ வைத்திருப்பவர்தான் பெரிய ஸ்டோரேஜுக்குப் பணம் செலவிட வேண்டும். என் கருத்தில், எத்தனை கேம்கள் என்பதை விட இந்தக் கணக்குதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது.

படி 4: வெளி ஹார்ட் டிஸ்க்கைப் பரணாகப் பயன்படுத்துதல்

இடம் போதாது என்று கணக்குச் சொன்னால் இரண்டு வழிகள் உள்ளன. கன்சோலின் பின்புறத் துளையில் செருகும் விரிவாக்க அட்டை, உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி என்ற வேகமான ஸ்டோரேஜைப் போலவே வேலை செய்யும். ஆனால் 2020-இல் 299 டாலருக்கு வந்த கன்சோலுக்காக அதே ஆண்டில் வந்த 1 டிபி அட்டையின் விலை 220 டாலராக இருந்தது. விலை பின்னர் குறைந்தாலும், புதிதாக வாங்குபவர் அட்டையை நினைப்பதற்கு முன் 1 டிபி கன்சோலின் விலையைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. அமெரிக்காவில் அது 512 ஜிபி மாதிரியை விட 50 டாலர் மட்டுமே கூடுதலாக வெளிவந்தது.

சிக்கனமான வழி, சாதாரண யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க். இதை வீட்டுப் பரணைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். சீரிஸ் எஸ்ஸுக்கென மேம்படுத்தப்பட்ட கேம்களை அதில் வைத்திருக்கலாம், ஆனால் ஆட வேண்டுமானால் கன்சோலுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். 100 ஜிபி கேமை இப்படி மாற்றச் சுமார் 15 முதல் 20 நிமிடம் பிடிக்கும். முன்பு பார்த்த ஏழரை மணி நேரத்தோடு இதை ஒப்பிட்டால் அதன் பயன் விளங்கும். முந்தைய தலைமுறையான எக்ஸ்பாக்ஸ் ஒன் கேம்களுக்கு இந்தக் கட்டுப்பாடும் இல்லை. 2018-இல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இன் எக்ஸ்பாக்ஸ் ஒன் பதிப்பை ஹார்ட் டிஸ்க்கிலேயே வைத்து நேராக ஆடலாம். அந்த ஒன்றை வெளியே தள்ளினாலே உள்ளே 100 ஜிபி மிச்சமாகிறது.

ஹார்ட் டிஸ்க்கை இணைத்ததும், கேம்களுக்காக பார்மட் செய்யலாமா என்று கன்சோல் கேட்கும். சம்மதித்தால் அதில் இருந்த அனைத்தும் அழிந்துவிடும் என்பதால், வீட்டுத் திருமணப் படங்கள் கிடக்கும் பழைய டிஸ்க்கை அவசரத்தில் செருகிவிடாதீர்கள். குறைந்தது 128 ஜிபி இல்லாத டிஸ்க்கை கன்சோல் கேம்களுக்கு ஏற்காது. சில நூறு ரூபாய்க்கு 2 டிபி என்று இணையத்தில் விற்கப்படும் பென்டிரைவ்கள் பெரும்பாலும் போலி.

படி 5: இருக்கும் இடத்தை ஒழுங்குபடுத்துதல்

திரையில் தேர்வுக் கட்டத்தைக் கேமின் மீது வைத்து, கன்ட்ரோலரில் மெனு பொத்தானை அழுத்தினால், அதை நிர்வகிக்கும் பக்கத்துக்கான தெரிவு வரும். சில பெரிய கேம்களில் தனியாக ஆடும் கதைப் பகுதியும், பலருடன் ஆடும் பகுதியும் தனித்தனியாக இருக்கும். கதையை முடித்தவர் அந்தப் பகுதியை மட்டும் நீக்கலாம். கேமை முழுவதும் நீக்கினாலும், இணைய இணைப்போடு உங்கள் கணக்கில் நுழைந்து ஆடியிருந்தால், ஆட்டத்தில் எட்டிய இடம் மேகக் கணினியில், அதாவது இணையச் சேமிப்பில், பத்திரமாக இருக்கும். இணைப்பில்லாமல் பல நாள் ஆடியவர்கள் மட்டும், நீக்குவதற்கு முன் ஒருமுறை இணையத்தில் இணைத்து, கேமைத் திறந்து, அது ஒத்திசைந்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு நீக்க வேண்டும்.