மேவன் மல்டி மாட்யூல் பில்ட்: நான் வாங்கிய அடிகள்

போன மாதம் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன், "அண்ணா, கோடை மாத்திட்டேன், ஆனா எதுவுமே மாற மாட்டேங்குது" என்று வந்து நின்றான். ஸ்கிரீனைப் பார்க்காமலே விஷயம் புரிந்துவிட்டது. நானும் ஒரு காலத்தில் இதையே சொல்லிக்கொண்டு அலைந்தவன்தான். டேகை மூடாமல் விடுவது, பெயரைத் தப்பாக அடிப்பது போன்றவற்றை, ஜாவா கோடை பில்ட் செய்யும் கருவியான மேவனே கத்திச் சொல்லிவிடும். இங்கே சொல்லப்போவது அது கத்தாதவை.

ஒரு மாட்யூலை மட்டும் ஓட்டுவது

ஒரு ப்ராஜெக்டில் காமன், சர்வீஸ், வெப் என்று மூன்று மாட்யூல், அதாவது தனித்தனியாக பில்ட் ஆகும் பகுதிகள். காமனில் ஒரு திருத்தம் செய்கிறீர்கள். முழு பில்டுக்கு நேரமாகிறதே என்று ‘-பிஎல்’ (-pl) போட்டு வெப்பை மட்டும் ஓட்டுகிறீர்கள். வெப்புக்கு காமன் தேவை, ஆனால் இந்த ஓட்டத்தில் காமன் இல்லை. மேவன் 3 நேராக .எம்2 ஃபோல்டருக்கு (உங்கள் மெஷினில் மேவன் ஜார்களைச் சேமித்து வைக்கும் இடம்) போய், என்றைக்கோ நீங்கள் இன்ஸ்டால் செய்த பழைய காமன் ஜாரை (பில்ட் ஆன கோடின் தொகுப்பு) எடுத்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கைகூட வராது. கடைசியில் ‘பில்ட் சக்சஸ்’ என்று மட்டும் வரும். அதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பில் தொகையில் பைசா கணக்கு தப்பு என்று ஒரு டிக்கெட். முதல் தடவையே சரியாகத்தான் திருத்தினேன். டெஸ்டர் திருப்பி அனுப்பினார். நம் லாஜிக்தான் தப்பு போல என்று அதன் மேல் இன்னொரு திருத்தம், அப்புறம் இன்னொன்று. இரண்டு நாள் போனது. கடைசியில் வெப் பில்டில் வரும் வார் ஃபைலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே உட்கார்ந்திருந்தது பழைய கிளாஸ். அதோடு முடியவில்லை. முழு பில்ட் ஓட்டியதும், தேவையே இல்லாத என் திருத்தங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உயிர்பெற்று, வேறு பில்களையும் கெடுத்தன.

‘-பிஎல்’ போட்டால் கூடவே ‘-ஏஎம்’ (-am) போடுங்கள். அந்த மாட்யூலுக்குத் தேவையான மற்ற மாட்யூல்களையும் அது சேர்த்து பில்ட் செய்யும். எதற்கெடுத்தாலும் ‘இன்ஸ்டால்’ அடித்து ஜாரை .எம்2-இல் போடும் பழக்கத்தையும் விடுங்கள், பெரும்பாலும் பில்ட் செய்து சோதிப்பதோடு நிற்கும் ‘வெரிஃபை’ போதும். பெயர் மாற்றிய மாட்யூலின் பழைய ஜார்கூட .எம்2-இல் கிடக்கும். உங்கள் லேப்டாப்பில் எல்லாம் ஓடும், புதிதாக வருபவர் மெஷினில் ஓடாது.

பெரிய வெர்ஷன்தான் ஜெயிக்கும் என்ற நினைப்பு

ஒரே லைப்ரரி இரண்டு வெர்ஷனில் வந்து நின்றால், கிரேடில் என்ற இன்னொரு பில்ட் கருவியில் வழக்கமாக அப்படித்தான். மேவனில் டிபென்டென்சி ட்ரீயில் (எதற்கு எந்த லைப்ரரி தேவை என்ற மரம்) உங்கள் ப்ராஜெக்டுக்கு யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் வெர்ஷன்தான். தூரம் சமமாக இருந்தால் பாம் ஃபைலில் (pom.xml, பில்ட் விவரங்களை எழுதும் ஃபைல்) முதலில் எழுதியது. அழகுக்காக டிபென்டென்சிகளை அகர வரிசையில் அடுக்கி, ரன்டைமில் ‘நோ சச் மெத்தட் எரர்’ வாங்கியவர் எனக்குத் தெரியும். எல்லா மாட்யூலுக்கும் பொதுவான பேரன்ட் பாமில் டிபென்டென்சி மேனேஜ்மென்ட் பகுதியில் வெர்ஷனை எழுதிவிட்டால், மறைமுகமாக வருவதும் அதற்குக் கட்டுப்படும்.

.எம்2-ஐ முழுசாக அழிப்பது

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது. தோற்றுப்போன டவுன்லோடை மேவன் குறித்து வைத்துக்கொண்டு உடனே மறுபடி முயலாது, முதலில் அதை முயல வைக்கும் ‘-யு’ (பெரிய எழுத்தில் -U) போட்டுப் பாருங்கள். அழித்தே ஆக வேண்டுமென்றால் உங்கள் ப்ராஜெக்டின் க்ரூப் ஐடி ஃபோல்டரை மட்டும்.

மாட்யூலுக்கு மாட்யூல் தனி வெர்ஷன்

சேர்ந்தே ரிலீஸ் ஆகிறவற்றுக்கு எதற்கு?