ஷேவ் பண்ணா முடி அடர்த்தியா வளருமா?

வளராதுங்க. ரேசர் தோலுக்கு மேல இருக்கறத மட்டும்தான் வெட்டுது, வேர் அப்படியேதான் இருக்கு, வெட்டுன முனை மொட்டையா இருக்கறதால ரெண்டு நாள்ல கைல சொரசொரன்னு தட்டுப்படும், அவ்ளோதான். குளிச்சு முடி ஊறுன பிறகு ஜெல் தடவி, முடி வளர்ற திசையிலேயே இழுங்க.

வேக்ஸிங் வேரோட பிடுங்கும், அதனால 3லருந்து 6 வாரம் தாங்கும், ஆனா திரும்ப வரும். முடி அரை சென்டிமீட்டராவது இருக்கணும். வளர்ற பக்கமா தடவி, இன்னொரு கையால தோலை இறுக்கிப் பிடிச்சு, எதிர்ப்பக்கமா ஒரே இழுப்பு, மேல தூக்காம தோலை ஒட்டியே இழுக்கணும். ரெட்டினால் கிரீம் (பரு, சுருக்கத்துக்குப் போடறது) போடறவங்க முகத்துல வேக்ஸ் பண்ணவே பண்ணாதீங்க, தோல் உரிஞ்சு வந்துடும்!

ஹேர் ரிமூவல் கிரீம்னா முதல்ல கைல கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்க.

லேசர் முடியோட கறுப்பு நிறமியத்தான் பிடிக்கும், அதனால நரைமுடிக்கு வேலைக்காகாது, அதுவும் வளர்ற கட்டத்துல இருக்கற முடிதான் போகும்ங்கறதால பல தடவை போகணும், அப்பவும் கொஞ்சம் மெலிசா திரும்பலாம். மாநிறம், கறுப்புத் தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி யாக்ங்கற வகை லேசர்தான் அதிகப் பாதுகாப்பு, கேட்டுட்டு அப்புறம் பணம் கட்டுங்க. லேசருக்கு முந்தி ஷேவ் பண்ணலாம், வேக்ஸிங் த்ரெடிங் கூடாது. மொத்தமா போகணும்னா எலக்ட்ராலிசிஸ், அதாவது ஊசி வழியா கரண்ட் விட்டு வேரை அழிக்கறது, ஒவ்வொரு முடியா ஊசி வைக்கறதால ரொம்ப நாள் இழுக்கும்.

தாடைல திடீர்னு கனமா முடி முளைச்சு பீரியட்ஸும் தள்ளிப்போச்சுன்னா பார்லருக்கு முன்னாடி டாக்டர்கிட்ட போங்க, பிசிஓஎஸ்ங்கற ஹார்மோன் கோளாறா இருக்கலாம்.