மாபிள் பீச்சுக்குப் புறப்படும் கொழும்புக்காரருக்கு

வெள்ளவத்தையில் தண்டவாளத்தைத் தாண்டி இறங்கிக் கடல் குளித்துப் பழகியவர்களுக்குக் கடல் என்றால் அலைதான். அலை பெரிதா சிறிதா என்று பார்த்து, இறங்குவதா கரையில் நிற்பதா என்று முடிவெடுப்பார்கள். திருகோணமலையின் மாபிள் பீச்சில் அந்தக் கணக்கு செல்லாது. நல்ல பருவத்தில் அங்கே அலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. குளத்தங்கரை போல முழங்கால் அளவில் தெளிந்து நிற்கும் தண்ணீர், பின்னால் காடும் பாறையும், முன்னால் கொட்டியாரக் குடா. அங்கே பார்க்க வேண்டியவை வேறு: காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது, நிலம் எந்த இடத்தில் சட்டென்று இறங்குகிறது, நீரோட்டம் எங்கே ஓடுகிறது.

இடம் எளிது. திருகோணமலை நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர். சீனக்குடாவைத் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போகும் ஏ-15 வீதியில், கிண்ணியாப் பாலத்துக்கு முன்னால் கடற்கரைக்குத் திரும்பும் பாதை வருகிறது. கடற்கரையை நடத்துவது விமானப்படை. வாசலில் சீட்டு எடுக்க வேண்டும், அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். தங்குவதென்றால் விமானப்படையின் விடுதி அங்கேயே உண்டு. பள்ளி விடுமுறையிலும் போயா என்ற பௌர்ணமி விடுமுறையோடு ஒட்டிய வார இறுதிகளிலும் அறை கிடைப்பது அரிது என்பதால் கொழும்பை விட்டுக் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள். அமைதி வேண்டுமென்றால் செவ்வாய், புதன் நாட்களில் போங்கள். போயா வார இறுதியில் போய்விட்டு “எங்கேயப்பா அமைதி” என்று கேட்பதில் பயனில்லை.

எப்போது போவது? கொழும்புக் கடல் கொந்தளிக்கும்போது என்று நினைவில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று காலிமுகத்திடலில் அலையை அடித்து எறியும். அதே மாதங்களில் கிழக்குக் கரை மறைவில் இருக்கும். ஏப்ரலும் நல்ல மாதந்தான். ஒக்டோபர் கடைசியில் வாடை திரும்பி மழை தொடங்கிவிட்டால் கதை மாறும். குடாவின் வாய் வடகிழக்குப் பக்கம் திறந்திருப்பதால் அலை உள்ளே வரும். மகாவலி இந்தக் குடாவில்தான் கடலோடு சேர்கிறது. மழைக்குப் பிறகு அது கொண்டுவரும் மண் தண்ணீரைத் தேத்தண்ணி நிறமாக்கிவிடும். காலடி தெரியாத தண்ணீரில் இறங்குவதற்காக 260 கிலோமீற்றர் போக வேண்டாம்.

இரவு ரயில் கொழும்புக் கோட்டையிலிருந்து மாகோ, கல்ஓயா வழியாகப் போகிறது. கல்ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதை பிரியும். திருகோணமலைக்குச் சற்று முன்னால் வருவது சீனக்குடா நிலையம். கடற்கரைக்கு நகரத்தைவிட அதுதான் கிட்ட. நீங்கள் ஏறும் ரயில் அங்கே நிற்குமா என்று சீட்டு எடுக்கும்போதே கேட்டு வையுங்கள். நேர மாற்றங்களை 1919 இலக்கத்தில் விசாரிக்கலாம். ஒரு சிக்கல் உண்டு: விடியற்காலையில் சீனக்குடாவில் இறங்கினால் ஓட்டோ கிடைப்பது நிச்சயமில்லை. முதல் நாளே ஓர் ஓட்டோக்காரரைப் பேசி வைக்க முடியாவிட்டால் நகரம்வரை போய், பஸ் நிலையத்தில் கிண்ணியா அல்லது மூதூர் பஸ் பிடியுங்கள். “மாபிள் பீச் திருப்பத்தில் இறக்குங்கோ” என்று நடத்துனரிடம் ஏறும்போதே சொல்ல வேண்டும். திருப்பத்திலிருந்து உள்ளே நடைதான். காலை எட்டு மணிக்கு முன்னால் என்றால் நடக்கலாம், உச்சி வெயிலில் சிறுபிள்ளைகளோடு வேண்டாம்.

புறக்கோட்டையிலிருந்து பஸ்ஸும் உண்டு: குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழி. சொந்த வாகனத்தில் போகிறவர்களும் இதே ஏ-6 வீதியில்தான் போவார்கள், ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாது. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடைப்பட்ட காட்டுப் பகுதியில் இருட்டிய பிறகு யானைகள் வீதிக்கு வரும். அந்தப் பகுதியைப் பகல் வெளிச்சத்தில் கடக்கும்படி கொழும்பிலிருந்து புறப்படும் நேரத்தைப் போடுங்கள். நள்ளிரவில் புறப்பட்டால் விடியும் நேரத்தில் அங்கே நிற்பீர்கள். அதுவும் யானை நடமாடும் நேரம். அதிகாலை நான்கு மணிக்குப் புறப்படுவது நல்லது.

இனித் தண்ணீர். காலை ஏழு முதல் பத்து வரையும், பின்னேரம் மூன்றரைக்குப் பிறகும் குளிக்க ஏற்ற நேரம். நடுவில் வெயில் மட்டும் பிரச்சினையில்லை, கச்சானும் இருக்கிறது. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மேற்கிலிருந்து வீசும் இந்த வரண்ட காற்று, பொழுது ஏற ஏற வலுக்கும். மேற்குக் காற்று கிழக்குக் கரையில் என்ன செய்யும்? கரையிலிருந்து குடாவை நோக்கித் தள்ளும். கொழும்பில் பந்து கடலுக்குள் போனால் அலை அதைத் திரும்பக் கொண்டுவந்து போடும் என்று பிள்ளைகள் காத்து நிற்பார்கள். இங்கே போனது போனதுதான். பந்தைப் பிடிக்க நீந்திப் போகிறவர் தண்ணீர் சலனமில்லாமல் இருப்பதால் தான் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று உணரமாட்டார். திரும்பும்போதுதான் காற்று முகத்தில் அடிப்பது தெரியும். காற்றடைத்த மெத்தையும் வாத்து மிதவையும் இங்கே பாய்மரம் மாதிரி. கொண்டுபோகவே வேண்டாம். பிள்ளை அழுது அடம்பிடித்தால் பத்து மீற்றர் நைலோன் கயிறு கட்டி, மறுமுனையை இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் ஒரு பெரியவர் கையில் பிடித்துக்கொள்ளட்டும். கரையில் கல்லில் கட்டிவிட்டுத் தொலைபேசி பார்ப்பது காவலாகாது.

இறங்கும் முன்னர் ஐந்து நிமிடச் சோதனை ஒன்று. இரண்டு அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை வெறுமையாக மூடியிட்டு மூடுங்கள். மற்றதில் கழுத்துவரை கடல்நீர் நிரப்பி மூடுங்கள். இரண்டின் கழுத்திலும் நீளமான நூல் கட்டி, முழங்காலளவு தண்ணீரில் ஒரே இடத்தில் விடுங்கள். வெற்றுப் போத்தல் மேலே மிதந்து காற்றோடு போகும். நிரம்பியது நீருக்குள் அமிழ்ந்து நீரோட்டத்தோடு போகும். இரண்டு நிமிடத்தில் இரண்டும் அசையாமல் கிடந்தால் நல்லது. வெற்றுப் போத்தல் மட்டும் வெளியே ஓடினால் மிதவை ஒன்றும் வேண்டாம், இடுப்பளவோடு நில்லுங்கள். நிரம்பிய போத்தலும் நகர்ந்தால் அந்த இடத்தை விட்டு மாறுங்கள். பிறகு நூலை இழுத்துப் போத்தல்களை எடுத்துவிடுங்கள். கடலில் ஏற்கெனவே போதுமான போத்தல் கிடக்கிறது.

ஆழத்தைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. திமிங்கிலங்கள் திருகோணமலைக் கரைக்குக் கிட்ட வருவதற்கு இந்த ஆழமும் ஒரு காரணம். குளிக்கும் இடத்தில் அப்படிப் பாதாளம் இல்லை. ஆனாலும் கரை ஒரே சரிவாகவே போகும் என்று நம்பி நடக்காதீர்கள். தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள்: வெளிர்பச்சை திடீரென்று கடும் நீலமாகும் கோடுதான் எல்லை. நீந்துவதென்றால் கரைக்கு இணையாக நீந்துங்கள், வெளியே நோக்கி வேண்டாம். வற்று, பெருக்கு இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் இங்கே ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால், காலையில் பார்த்த எல்லை பின்னேரமும் பெரிதாக மாறாது.

மணலில் திருக்கை படுத்திருக்கலாம். காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டு நடந்தால் அது விலகிப் போய்விடும்; மிதித்தால்தான் வாலால் குத்தும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான, ஏறத்தாழ 45 பாகை நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணிநேரம் காலை வைத்திருக்க வேண்டும், வலி குறையும். முள் முறிந்து உள்ளே இருந்தால் தோண்டாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். கரையோரத்தார் சொறி என்று சொல்லும் ஜெலி மீன் பட்டால் கடல்நீரால் மட்டும் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றுவதும் மணலால் தேய்ப்பதும் ஒட்டியிருக்கும் நஞ்சுப் பைகளை வெடிக்க வைக்கும். மூச்சு முட்டினால் 1990 அம்புலன்ஸ், கட்டணம் இல்லை. பாறைப் பக்கம் போகிறவர்கள் பழைய கன்வஸ் சப்பாத்தாவது போட்டுக்கொள்ளுங்கள். ட்ரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பக்கத்தில் சீனக்குடா விமானத்தளம்.

கிண்ணியாவை ஒரு தடவை பார்க்காமல் திரும்ப வேண்டாம். தம்பலகாமக் குடாவின் வாயைக் கடக்க முன்னொரு காலத்தில் ‘பாதை’ தான் கதி. வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவையைக் கிழக்கில் அப்படித்தான் சொல்வார்கள். கொழும்புக்காரர் ‘பாதை வரும்வரை நின்றோம்’ என்று கேட்டால் வீதி எப்படி வரும் என்று குழம்புவார்கள். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்தது. அப்போது நாட்டிலேயே நீளமான பாலம் அது. பழைய துறையடியில் நின்று பாலத்துக்குக் கீழே பாருங்கள். பெரிய குடா ஒன்றின் நீர் முழுவதும் இந்த ஒடுங்கிய வாயால்தான் போய்வருகிறது, அதனால் ஓட்டம் கண்ணுக்கே தெரியும். அங்கே குளிக்கக் கூடாது, முழங்காலளவிலும் கூடாது.

பாலம் வந்ததால் பாதைகள் எல்லாம் ஒழிந்துவிடவில்லை. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டும் வேலை நடந்த காலத்தில் ஓடிய படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்தார்கள். கிழக்கில் எங்காவது பாதையில் ஏற நேர்ந்தால்: ஆட்கள் ஒரு விளிம்பில் குவிந்திருந்தால் அடுத்த தடவைக்கு நில்லுங்கள், ஏனென்றால் மிதவைமேல் பலகை அடித்த தட்டு எடை ஒரு பக்கம் சாய்ந்தால் சரிந்துவிடும். உயிர்காப்பு அங்கி கேளுங்கள், நடுவில் நில்லுங்கள். வாகனம் ஏறும் பாதையென்றால் ஓட்டுநரைத் தவிர எல்லாரும் முதலில் இறங்கி நடந்து ஏற வேண்டும். ஏறியதும் கைத்தடை, கியர் இரண்டும் போட வேண்டும், கண்ணாடிகளை இறக்கி வைக்க வேண்டும்.

பையில் ஆளுக்கு மூன்று லீற்றர் குடிநீர், இரண்டு துவாய், பிள்ளைகளுக்கு நீளக்கைச் சட்டை, தொப்பி, குப்பைக்கு ஒரு பை. கிண்ணியாக் கடைத்தெருவுக்கு ஈர உடுப்போடு போகாமல் மாற்றிக்கொண்டு போவது மரியாதை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும், சோற்றுப் பார்சலைப் பன்னிரண்டுக்கு முன் வாங்கிவிடுங்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் திருகோணமலை நகரிலிருந்தே கட்டிக்கொண்டு வருவது நல்லது.

எருமைத் தயிர் வாங்காமல் வர மனம் வராது. சட்டியைக் கொஞ்சம் சரித்துப் பாருங்கள்: தயிர் அசையாமல் சட்டியோடு சேர்ந்து சரிந்தால் நன்றாக உறைந்தது. ஓரத்தில் தண்ணீர் பிரிந்து ஓடினால் வேண்டாம், கொழும்பு போய்ச் சேர்வதற்குள் புளித்துவிடும். புறப்படும் நேரத்தில் கடைசியாக வாங்குங்கள். சட்டி வேர்த்துத்தான் உள்ளே குளிர்ச்சி நிற்கிறது, அதனால் பொலித்தீனால் இறுக்கிச் சுற்றாமல் ஈரத்துணியால் சுற்றி, ரயிலில் மேல் தட்டில் வைக்காமல் காலுக்கிடையில் வையுங்கள். மேல் தட்டில் வைத்தால் மாகோ வருமுன்னே கீழே இருப்பவர் தலையில் வழியும்.