சிறுநீரக நோயுள்ள குழந்தைக்குத் தலைவலியும் வலிப்பும்: பெற்றோர் செய்ய வேண்டியவை

சிறுநீரக நோயுள்ள குழந்தை தலை வலிக்கிறது என்று சொல்லி வாந்தியும் எடுத்தால், அஜீரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன் இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். தொண்டைப் புண்ணோ சிரங்கோ வந்து, அடுத்த ஓரிரு வாரங்களிலிருந்து ஆறு வாரங்களுக்குள் முகம் வீங்கி, சிறுநீர் குறைந்து கட்டங்காப்பி நிறத்தில் போகும் குழந்தையிடம் இதில் சற்றும் தாமதம் கூடாது. சிறுநீரக அழற்சியால் உப்பும் நீரும் உடலில் தேங்க, அழுத்தம் விரைவாக ஏறுகிறது. குறைந்த அழுத்தத்துக்கே பழகிய மூளை இரத்தக் குழாய்கள் அதைத் தாங்காமல் நீரைக் கசியவிட, பெரும்பாலும் மூளையின் பின்பகுதி வீங்குகிறது. பார்வைக்கான பகுதி அங்கேயே இருப்பதால் வலிப்புக்கு முன் கண் மங்குவதும் உண்டு. பேசத் தெரியாத குழந்தையிடம் காரணமில்லாத சிணுங்கல், மிகுதியான தூக்கம், நீட்டிய பொம்மையைக் காணாமல் தடவுதல் ஆகியவையே அடையாளங்கள்.

குழந்தையை ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, வலது கையை இதய மட்டத்தில் தாங்கி அளக்க வேண்டும். கையில் சுற்றும் பட்டை சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகவும், பெரியதாக இருந்தால் குறைவாகவும் காட்டும் என்பதால், பெரியவர்களுக்கான பட்டை உதவாது. பெரியவர்களிடம் நாம் அவ்வளவாக அஞ்சாத 130/90 என்ற அளவு, ஐந்து வயதுக் குழந்தைக்கு உடனடியாக மருத்துவமனை செல்ல வேண்டிய அளவாகும். தாத்தாவின் இரத்த அழுத்த மாத்திரையை உடைத்துக் கொடுப்பது பெருந்தவறு; அழுத்தம் சட்டென்று சரிந்தால் மூளைக்குப் போகும் இரத்தமே குறைந்துவிடும் என்பதால்தான் மருத்துவர்களும் அதைப் பல மணி நேரம் எடுத்துப் படிப்படியாகக் குறைக்கிறார்கள்.

வலிப்பு வந்துவிட்டால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, நிற்கும்வரை காத்திராமல் ஆம்புலன்ஸை (தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990) அழைக்க வேண்டும். வாயில் எதையும் வைக்கக் கூடாது. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயனில்லை; பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே நிற்பதால்தான், வலிப்பை நிறுத்தும் என்ற பெயர் சாவிக்குக் கிடைத்தது. தக்க சமயத்தில் சிகிச்சை கிடைத்தால் இவ்வகை மூளை வீக்கம் பெரும்பாலும் முழுமையாக வடிந்துவிடும்.

அழுத்தம் சரியாக இருந்தாலும் ஆபத்து நீங்கிவிட்டதாகக் கருத முடியாது. இரத்தத்தில் சோடியமோ கால்சியமோ குறைந்தாலும் வலிப்பு வரலாம். கால்சியம் குறையும்போது விரல்கள் இழுத்துக்கொள்வதைக் காணலாம். சிறுநீரில் புரதம் வெளியேறும் நெஃப்ராடிக் நோயில் இரத்தம் எளிதில் உறையுமாதலால், வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய பின் தீராத தலைவலி வந்தால், மூளைச் சிரையில் இரத்தக்கட்டு உள்ளதா என்று ஸ்கேன் மூலம் பார்க்குமாறு மருத்துவரிடம் கேட்பது நியாயமே.

நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பில் வேறொரு கவனமும் தேவை. சிறுநீர் வழியாக வெளியேற வேண்டிய சில மருந்துகள் உடலில் தங்கி மூளையைப் பாதிக்கும்; அலுமினியம் கலந்த அமிலநீக்கி மருந்துகளும், அளவு குறைக்காமல் தரப்படும் சில ஆன்டிபயாடிக்குகளும் இதில் அடங்கும். ஆகவே சளிக்காகப் புதிய மருத்துவரிடம் போனாலும், அண்மையில் எடுத்த கிரியாட்டினின் (சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) அளவையும் குழந்தையின் எடையையும் எழுதிய சீட்டை முதலில் காட்டிவிட வேண்டும்.