செவர்லே 3100க்கு மாற்று என்ஜின்: வாங்கும் முன்பே நடக்கும் தவறுகள்

அமெரிக்காவில் பழைய வண்டிகளைப் புதுப்பிப்பவர்களுக்குச் செவர்லே நிறுவனம் 1947 முதல் 1955 தொடக்கம் வரை விற்ற ‘அட்வான்ஸ் டிசைன்’ லாரிகள் மீது தனிப் பிரியம் உண்டு. அவற்றிலும் அரை டன் பிக்கப்பான 3100க்கு மவுசு அதிகம். தகடு, கண்ணாடி ரப்பர், பின்பக்க மரத்தளம் என்று பெரும்பாலான பாகங்கள் இன்றும் புதிதாகவே கிடைப்பதால் உடல் வேலையில் பணம் கரையுமே தவிரக் குழப்பம் அதிகம் இருக்காது. குழப்பமெல்லாம் பானட்டுக்குக் கீழேதான். வண்டி வீட்டுக்கு வந்த வாரத்திலேயே பலர் என்ன என்ஜின் போடலாம் என்று தேடத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த வண்டியைப் பொறுத்தவரை என்ஜினைக் கடைசியாகத்தான் முடிவு செய்ய வேண்டும். பின் ஆக்ஸில், பிரேக், எந்தச் சாலையில் எந்த வேகத்தில் ஓட்டப்போகிறீர்கள் என்ற கணக்கு ஆகிய மூன்றும் தெளிவான பிறகு என்ஜின் ஏறக்குறைய தானாகவே அமைந்துவிடும்.

முதல் தவறு, நோயைக் கண்டறியாமலே பழைய என்ஜினுக்கு மரண தண்டனை கொடுப்பது. 1953 வரை இந்த வண்டியில் வந்தது 216 கன அங்குல, அதாவது சுமார் 3.5 லிட்டர், ஆறு சிலிண்டர் என்ஜின். சக்தி ஏறக்குறைய 90 குதிரைத்திறன். இதன் கனெக்டிங் ராடுகளில் இன்றைய என்ஜின்களைப் போலக் கழற்றி மாற்றும் பியரிங் கிடையாது; வைட் மெட்டல் என்ற மென்மையான உலோகக் கலவையை உருக்கி ஊற்றியிருப்பார்கள். ஆயில் பம்பின் அழுத்தம் கிராங்க் ஷாஃப்டின் மெயின் பியரிங்குகளுக்கும் கேம் ஷாஃப்டுக்கும் போகும். ராடுகளோ தம் அடியில் உள்ள சிறு கரண்டியால் தொட்டியிலிருந்து எண்ணெயை அள்ளிக்கொள்ளும். வேகம் கூடும்போது குழல் முனையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் அந்தக் கரண்டியில் விழும். ஆகவே ஆயில் முள் தாழ்ந்து நிற்பது இந்த என்ஜினுக்கு இயல்பு. அதன் மீட்டரே சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம் வரைதான் காட்டும். இன்றைய கார்களின் 50, 60 பவுண்டுக்குப் பழகிய கண், சூடான என்ஜினில் அந்த முள் கீழே கிடப்பதைக் கண்டதும் என்ஜின் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறது.

ராடில் தட்டும் சத்தம் கேட்டாலும் கதை அங்கேயே முடிந்துவிடாது. ராடுக்கும் அதன் மூடிக்கும் இடையே மெல்லிய தகடுகள் வைத்திருப்பார்கள். தேய்மானம் அளவோடு இருந்தால் அவற்றில் ஒன்றிரண்டை எடுத்து இடைவெளியைக் குறைக்கலாம். வைட் மெட்டல் வெடித்தோ உதிர்ந்தோ இருந்தால்தான் சிக்கல். அதைப் புதிதாக ஊற்றித் தரும் பட்டறைகள் இன்று மிகவும் குறைவு, கூலியும் அதிகம். ஞாயிற்றுக்கிழமை கிராமச் சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டரில் போய்வருவதுதான் உங்கள் ஆசை என்றால், நல்ல நிலையில் உள்ள 216ஐக் கழற்றுவது வீண் செலவு. நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் விரட்ட வேண்டும் என்றால் அது தாங்காது. அந்த வேலைக்காக அதைச் செய்யவே இல்லை.

நெடுஞ்சாலைக் கனவுதான் அடுத்த தவறுக்கு இட்டுச்செல்கிறது: பின் ஆக்ஸிலைக் கணக்கில் சேர்க்காமல் குதிரைத்திறனை மட்டும் எண்ணுவது. 3100இன் பின் ஆக்ஸில் விகிதம் 4.11; அதாவது சக்கரம் ஒரு முறை சுற்றப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் 4.11 முறை சுற்ற வேண்டும். சுமார் 28 அங்குல உயர டயரோடு மணிக்கு 60 மைல் வேகத்தில் போனால் என்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 சுற்று சுற்றும். நேரடி டாப் கியரோடு 216 இருந்தாலும் சரி, வி8 இருந்தாலும் சரி, இந்த எண் மாறாது. இருமடங்கு சக்தியுள்ள என்ஜினை ஏற்றிவிட்டு, பிறகும் வண்டி அலறுகிறதே என்று வியப்பவர்கள் உண்டு. அலறுவதற்குக் காரணம் பின்னால் உள்ள பற்சக்கரம். அந்த ஆக்ஸிலுக்கு 3.55 விகிதப் பற்சக்கரத் தொகுதி கிடைக்கிறது. அதைப் போட்டால் அதே வேகத்தில் சுற்று சுமார் 2,550ஆக இறங்கும். சிலருக்கு இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருக்கும்.

அதே இடத்தில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 1954 வரை வந்த அரை டன் வண்டியில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வெளியே தெரியாது. டார்க் டியூப் என்ற மூடிய குழாய்க்குள் ஓடும். வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும் விசையே அந்தக் குழாய் வழியாகத்தான் முன்னால் போகிறது. அதனால் கியர்பாக்ஸின் பின்முனை அந்தக் குழாய்க்கென்றே செய்யப்பட்டது. ஐந்து கியர் பெட்டியோ ஆட்டோமேட்டிக்கோ வேண்டும் என்றால் குழாயும் ஆக்ஸிலும் சேர்ந்தே போக வேண்டும். ஆக்ஸில் மாறினால் ஸ்பிரிங் இருக்கை, கைபிரேக் கேபிள், புதிய ஷாஃப்ட் என்று பட்டியல் நீளும். திறந்த ஷாஃப்ட் இருக்கிறதே என்று முக்கால் டன் 3600இன் ஆக்ஸிலை வாங்குவது இன்னும் வேடிக்கை. அதன் விகிதம் 4.57. முன்பைவிட மெதுவாகப் போக நல்ல வழி.

பிரேக்கைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. நான்கு சக்கரத்திலும் ட்ரம், தரைக்கு அடியில் ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டர், முன்னால் ஒரே இரும்பாலான ஆக்ஸில். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. இதை மாற்றாமல் என்ஜின் சக்தியைக் கூட்டுவதை நான் தவறு என்றுகூடச் சொல்லமாட்டேன், அது பொறுப்பின்மை.

இனி என்ஜினுக்கு வரலாம். அதே செவர்லே குடும்பத்து 235 கன அங்குல ஆறு சிலிண்டர்தான் இந்த வண்டிக்கு மிகப் பொருத்தமான மாற்று என்பது என் கருத்து. பானட்டைத் திறந்தால் வண்டி வண்டியாகவே தெரியும், சேஸிஸில் வெட்டுக்குத்து குறைவு, 1954 லாரியில் வந்தபோதே 112 குதிரைத்திறன் கொடுத்தது. முதல் கார்வெட் காரில் மூன்று கார்புரேட்டர் வைத்து 150 குதிரைத்திறன் எடுத்ததும் இதே 235இல்தான். ஆனால் ‘235’ என்ற எண்ணை மட்டும் நம்பி வாங்குவது பெரிய தவறு. 1941 முதல் பெரிய லாரிகளில் வந்த பழைய 235இலும் ராடுகள் கரண்டியால்தான் எண்ணெய் அள்ளின. ராடு வரைக்கும் அழுத்தத்தில் எண்ணெய் போகும் முறையும் மாற்றக்கூடிய பியரிங்கும் 1953இல் பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கார்களில் வந்து, 1954இல் எல்லா 235க்கும் பரவின. உங்களுக்கு வேண்டியது இந்தப் பிந்தைய வகை. பழைய வகையை வாங்கினால், 216இல் எதற்குப் பயந்தீர்களோ அதையே கொஞ்சம் பெரிய அளவில் வாங்கியிருப்பீர்கள்.

விற்பவர் சொல்வதை விட்டுவிட்டு வார்ப்பைப் பாருங்கள். வால்வு கவரின் உச்சியில் இரண்டு போல்ட் இருந்தால் பழையது. விளிம்பில் நான்கு திருகுகள் இருந்தால் பிந்தையது. இந்த அடையாளம் என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைப் பற்றி மட்டுமே சொல்லும். கீழே உள்ள பிளாக் எந்த ஆண்டினது என்பதற்கு வலப்பக்கத்தில் வார்ப்பிலேயே எழும்பி நிற்கும் எண்ணையும் தேதியையும் தேய்த்துப் பார்க்க வேண்டும். தேதியில் முதல் எழுத்து மாதம்: ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். அடுத்து நாள், கடைசி இலக்கம் ஆண்டு. எழுத்து எஃப் ஆகவும் பின்னால் 125 என்றும் இருந்தால் ஜூன் 12, 1955. பெயிண்ட் நிறத்தை வைத்து வயது சொல்பவரை நம்பாதீர்கள். ஒரு டப்பா ஸ்பிரே எந்த என்ஜினையும் எந்த ஆண்டுக்கும் மாற்றிவிடும்.

இதே குடும்பத்து 261 கன அங்குல என்ஜின் கிடைத்தால் அதிர்ஷ்டம். 1954 முதல் 1962 வரை பெரிய லாரிகளில் வந்தது, வெளித்தோற்றத்தில் 235 போலவே இருக்கும். ஆனால் சிலிண்டர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் அவற்றுக்கு இடையே நீராவி வெளியேறச் சிறு துளைகள் உண்டு. 235இன் ஹெட்டை அப்படியே அதன் மேல் வைத்தால் அந்தத் துளைகள் அடைபட்டு என்ஜின் சூடேறும். ஹெட்டிலும் உரிய இடத்தில் துளையிட வேண்டும். விவரம் தெரியாத பட்டறையில் இந்த ஒரு வேலை விடுபட்டால் மற்றதெல்லாம் வீண்.

‘அப்படியே உட்காரும்’ என்ற பேச்சும் முழு உண்மையில்லை. 1955 முதல் வந்த 235இன் வாட்டர் பம்ப் அமைப்பு வேறு. பழைய வண்டியில் விசிறியும் ரேடியேட்டரும் ஒத்துப்போகாது. இடைத்தகடு வைத்துப் பழைய பம்பைப் பொருத்துவதுதான் வழக்கம். பழைய வண்டி 6 வோல்ட். 1955இல்தான் 12 வோல்ட் வந்தது. 6 வோல்ட் ஃபிளைவீலின் பல்வளையத்தில் 139 பற்கள், 12 வோல்ட்டுடையதில் 168. ஸ்டார்ட்டரை ஒரு என்ஜினிலிருந்தும் ஃபிளைவீலை இன்னொன்றிலிருந்தும் எடுத்தால் முதல் சாவித் திருப்பலிலேயே பல் நொறுங்கும் சத்தம் கேட்கும். காலால் மிதித்து ஸ்டார்ட் செய்யும் பழைய பெடலை வைத்துக்கொள்ள ஆசை இருந்தால் ஸ்டார்ட்டரை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். 30 பவுண்டு ஆயில் மீட்டரையும் மறந்துவிடாதீர்கள். புதிய அழுத்தத்தில் அதன் முள் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும். 60 பவுண்டு மீட்டர் தேவை.

வி8 ஆசைக்கும் இடம் உண்டு, ஆனால் விலையைச் சரியாகப் போட வேண்டும். செவர்லேயின் 350 கன அங்குல வி8 என்ஜின் மலிவாகக் கிடைப்பது உண்மை. இடப்பக்க எக்ஸாஸ்ட் குழாய் ஸ்டியரிங் பாக்ஸோடு முட்டும், பின்னால் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர், என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் தகட்டை நெருக்கும், என்ஜினை முன்னே தள்ளினால் ரேடியேட்டர் குறுக்கே நிற்கும். இந்த மூன்றுக்கும் நடுவே இடம் தேடுவதில்தான் செலவு. கம்ப்யூட்டரில் ஓடும் பிற்கால 5.3 லிட்டர் எல்எஸ் வகை வி8 என்றால் எரிபொருள் அமைப்பையே புதிதாகச் செய்ய வேண்டும். பழைய கார்புரேட்டருக்கு நாலைந்து பவுண்டு அழுத்தம் போதும். இதற்கு ஏறக்குறைய 58. 1949 முதல் வந்த 3100இல் பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது தெரியுமா? கேபினுக்குள், இருக்கைக்குப் பின்னால். அவ்வளவு அழுத்தத்தை உங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வதற்கு முன் டேங்கை வெளியே மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவழியாகச் செவர்லேயின் பிற்கால 292 கன அங்குல ஆறு சிலிண்டரை நினைப்பவர்கள், அதன் பிளாக் உயரமானது, வலப்பக்க மவுண்ட் அதே வகையின் சிறிய 250 கன அங்குல என்ஜினில் இருக்கும் இடத்தில் இருக்காது என்பதை அளந்து பார்த்துவிட்டு வாங்கட்டும்.

வாங்கும் நாளில் ‘ஓடிக்கொண்டிருந்தபோது கழற்றியது’ என்பதற்கு மதிப்புக் கொடுக்காதீர்கள். எப்போது கழற்றினார்கள் என்பதே கேள்வி. கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி உள்ளே பாருங்கள், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். குளிர் மாநிலத்திலிருந்து வந்த பிளாக் என்றால் உள்ளே நீர் உறைந்து பக்கச் சுவர் வெடித்திருக்கலாம். ஹெட்டில் வால்வு இருக்கைகளுக்கு நடுவே விரிசல் இருக்கலாம். சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கும் போரிங் வேலைக்கு முன்பே அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். தள்ளுபடி விலை வந்ததே என்று பிஸ்டன்களை முன்கூட்டி வாங்கி வைப்பதும் தவறு. சிலிண்டர் எந்த அளவுக்குச் சுத்தமாகும் என்பதை லேத் பட்டறை அளந்து சொன்ன பிறகுதான் பிஸ்டனின் அளவு தெரியும்.

ஒரு காகித வேலை பாக்கி. அமெரிக்காவின் சில மாநிலங்களில் அந்தக் கால வண்டிகளை என்ஜின் எண்ணைக் கொண்டே பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் பத்திரத்தில் உள்ள எண் கதவுத் தூணில் உள்ள தகட்டில் இருக்கிறதா, டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் பொறித்த என்ஜின் எண்ணா என்று பழைய என்ஜினைக் கழற்றுவதற்கு முன்பே ஒப்பிட்டுப் பாருங்கள். என்ஜின் எண்ணாக இருந்தால் பதிவு அலுவலகத்தில் தகட்டு எண்ணுக்கு மாற்றிக்கொண்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள். அதுவரை பழைய பிளாக்கைப் பழைய இரும்புக்குப் போடாமல், எண் தெரியும்படி படம் எடுத்து, கொட்டகையில் ஒரு மூலையில் வைத்திருங்கள்.